அழித்த பின்னூட்டங்கள்

கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையின் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார் நாச்சிமுத்து. முன்னால் வரச் சொல்லி மேடையிலிருந்து வசந்தாமணி கையைக் காட்டினாள். இங்கேதான் காற்று வருகிறது என்று அவரும் கையாலேயே சொன்னார். காற்று ஒன்றும் வரவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி கொடகொடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. கண்டென்சர் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும், இத்தனை பேர் வந்து போகிற நூலகத்தில் அதை மாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார் என்று நினைத்துக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தார். காது மிஷின் வைத்த ஒரு பெரியவர், பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள், அப்புறம் அந்த ஆள். வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுத்த பின்கழுத்து, நாற்காலியில் முழுசாகச் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தான், அடுத்த நிமிஷம் எழுந்திருக்கப் போகிறவனைப்போல. முன்னாடியே ஒக்காந்துக்கறன் என்றுதான் எழுதியிருந்தான். ‘ஏனுங்க அம்மிணி, ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நானும் வாரனுங்க. முன்னாடியே ஒக்காந்துக்கறன். நேர்லயே பேசிக்கலாமுங்க.’ வசந்தாமணியின் வலைப்பூவுக்கு வந்த பின்னூட்டம், பேர் போடும் இடத்தில் சொந்தக்காரன் என்று இருந்தது. வியாழக்கிழமை காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது அது. வாயில் நுரையோடு நின்றபடி படித்தார், அழித்தார், கொப்பளித்துத் துப்பினார். அடுப்படியிலிருந்து வசந்தாமணி, “யாருங்க போன்ல?” என்றாள். “பேங்க்கு மெசேஜு” என்றார். நேரில் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? நேரில் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் பேசிவிட்டா போயிருக்கிறார்கள்? பேப்பரில் படிக்காததா? அழைத்துப்போய்ப் பேசினார்கள், கோயிலுக்கு வரச் சொல்லிப் பேசினார்கள், காரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பேசினார்கள். அதற்கப்புறம் தண்டவாளத்திலும் வாய்க்காலிலும் கிடந்ததுதான் படமாக வந்தது.

மேடை என்றால் பெரிய மேடை இல்லை, ஒரு அடி உயரப் பலகை, அதன்மேல் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஈரோட்டு நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற வாசகர் வட்டம் அது. அதை நடத்துகிற தமயந்தி, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். “உங்க வலைப்பூவப் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்கம்மா. எங்க பசங்க எல்லாம் ‘முத்திரை’ படிக்கறாங்க.” வசந்தாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. வேலைக்குப் போன நாளிலிருந்து தபாலாபீசில் இருப்பவள், இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆகப்போகிறவள், சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து அவள் பாட்டுக்கு எழுதிய கதைகள். விலாசம் தப்பான மணியார்டர், பேரன் செத்ததைத் தெரிவிக்காமல் மாசாமாசம் பாட்டிக்குப் பணம் அனுப்பிய மருமகன், கையெழுத்துப் போட வந்த இடத்தில் மயங்கி விழுந்த பெண் என்று எழுதிக்கொண்டிருந்தவள் ஒரு நாள், ‘எங்கள் வீட்டுக் கல்யாணம்’ என்று எழுதினாள். வேறு சாதிப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கொள்கிறேன் என்று மகள் பிருந்தா வந்து நின்றது, அம்மாவும் அப்பாவுமே முன்னால் நின்று கட்டிவைத்தது, சொந்தக்காரர்கள் கூட்டமாக வராமல் போனது, வந்த பத்துப்பேரும் வயிறாரச் சாப்பிட்டது, மிஞ்சிய லட்டை அவள் தபாலாபீசுக்கு எடுத்துப்போய் கொடுத்தது. இவ்வளவுதான். ஒரு இடத்தில்கூட எவரையும் குறை சொல்லி எழுதவில்லை. படித்துவிட்டு அவரே ‘நல்லாருக்குது, போடு’ என்று சொன்னார். போடு என்று சொன்னது நான்தானே, நான்தான் சொன்னேன்.

முதல் பின்னூட்டம் மறுநாள் வந்தது. அதை அவள்தான் படித்தாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே போனைப் பார்த்தவள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்றாள். அவர் போனை எடுத்துப் பார்த்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் டிவி பார்த்தாள், டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. அந்த வாரக் கடைசியில் அவர்தான் சொன்னார், “இனிமே அதையெல்லாம் நான் பாத்துக்கறன். மொதல்ல எங்கிட்ட வருட்டும். நல்லத உள்ள உடறன், மத்தத அங்கயே வெட்டி உட்டர்றன். நீ எழுது, போதும்.” “உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?” “கரண்டு கம்பத்துல ஏறுனவனுக்கு இதெல்லாம் ஒரு சிரமமா?” அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். வலைப்பூக்காரர்கள் அதற்கு மட்டுறுத்தல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வருவதை வாசலிலேயே நிறுத்தி வைத்து, பார்த்து, உள்ளே விடுவதோ அழிப்பதோ. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவருக்கு அது புதுசாகத் தெரியவில்லை. லைனில் ஆள் ஏறுவதற்கு முன்னால் சப்ளையை நிறுத்த வேண்டும், ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், மேலே ஏறியவன் இறங்கும்வரை அதை யார் கையிலும் கொடுக்கக்கூடாது. மேலே ஏறியவள் வசந்தாமணி. ஃபியூஸ் தன் பையில். அப்படித்தான் ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டார். ஆனால் கரண்டை நிறுத்தினால் அது வராது, இது நிறுத்தியவன்மேலேயே பாய்கிறது என்பது அப்போது தெரியவில்லை.

மேடையில் வசந்தாமணி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆள் சிரிக்கவில்லை. தோள் குலுங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இரண்டாம் வரிசையில் நீலச் சட்டைக்காரன் சிரித்தான், மூன்றாவதில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண் சிரித்தாள், இவன் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்காதவன் எதற்குக் கூட்டத்துக்கு வருகிறான்? காது கேட்காதவனாக இருக்கலாம். இல்லை, கேட்கிறது, தமயந்தி வரவேற்றபோது திரும்பிப் பார்த்தானே. எங்கேயோ பார்த்த முகம்போலவும் இருந்தது. வசந்தாமணியின் அண்ணன் ஊர்ப்பக்கமா, பெருந்துறைச் சந்தையிலா, எந்தக் கல்யாணத்திலாவது பந்தியில் எதிரே உட்கார்ந்தவனா? இப்போதெல்லாம் எல்லா முகமும் எங்கேயோ பார்த்த முகமாகத்தான் இருக்கிறது. பால்காரன், “பாப்பா எப்ப வருதுங்க?” என்று கேட்டால் அவன் கண்ணைப் பார்க்கிறார். கூட வேலை பார்த்த சென்னியப்பன் வழியில் வண்டியை நிறுத்தி, “எங்கடா உன்ற பொண்ணு, ஓசூர்லயா?” என்று கேட்டபோது, “இல்ல, பெங்களூரு” என்று பொய் சொன்னார். அவனோடு இருபது வருஷம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டிருக்கிறார். எழுதுகிறவனுக்கு முகம் கிடையாது, ஆகவே எந்த முகத்தை வேண்டுமானாலும் அதற்கு மாட்டிப் பார்க்கலாம், மாட்டினால் எல்லாமே பொருந்துகிறது. மச்சினன் முகம் பொருந்துகிறது. பங்காளி முகம் பொருந்துகிறது. ஒரு தடவை, சவரம் செய்துகொண்டிருக்கும்போது, தன் முகமேகூடப் பொருந்திப்போய், பிளேடு பட்டுவிட்டது.

ஆரம்பத்தில் அவர் பதில் எழுதிப் பார்த்தார். ‘ஐயா, உங்களுக்கும் பெண் இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்’ என்று மரியாதையாக எழுதினார். அதற்கு நாலு பேர் சேர்ந்துகொண்டு வந்தார்கள். அப்புறம் பதில் எழுதுவதை விட்டுவிட்டு அழிக்க மட்டும் செய்தார். அப்புறம் அழிப்பதற்கு முன்னால் இரண்டு தடவை படிக்க ஆரம்பித்தார், யார் எழுத்து என்று கண்டுபிடித்துவிடலாம் என்று. றகரம் வருகிற இடத்தில் ரகரம் போடுகிறவன் ஒருத்தன். வரிக்கு வரி மூன்று ஆச்சரியக்குறி போடுகிறவன் ஒருத்தன். பச்சையாகத் திட்டுகிறவர்களைப்பற்றி அவருக்குக் கவலை இல்லை, வாயிலேயே அவர்களுக்கு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. மரியாதையாக எழுதுகிறவனைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ‘அப்பன் ஆம்பளையா இருந்திருந்தா அந்தப் புள்ள இந்நேரம் போட்டோவுல மாலையோட இருந்திருக்கும். பரவால்லீங்க, எல்லாருக்கும் அந்த மனசு வராதுங்க.’ இதை எழுதியவன் டீ குடித்துக்கொண்டே எழுதியிருப்பான். எழுதி முடித்துவிட்டு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போயிருப்பான். அழித்தது போனிலிருந்துதான் போனது. வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது வரும், கோயிலில் கண்ணை மூடினால் வரும், வசந்தாமணி தலை சீவிக்கொண்டிருப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும். போன மாசம் ஒரு நாள் மத்தியானம், ரசத்தில் உப்பு கூடிப்போனது. அவர் தட்டைத் தள்ளினார். தள்ளிவிட்டு வாயைத் திறந்தபோது, உப்பைப்பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில், எவனோ அவளைப்பற்றி எழுதிய வரி ஒன்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. முழு வரி, ஆச்சரியக்குறியோடு. பல்லைக் கடித்துக்கொண்டார். “என்னுங்க, கல்லா?” என்று கேட்டாள் அவள். ஆமாம், கல் என்றார். அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசவில்லை, பேசினால் எது வருமோ என்று.

இன்னொன்றும் இருக்கிறது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிருந்தா வந்து நின்ற அந்தச் சமயத்தில், சரி என்று சொல்வதற்கு முன்னால், இருபது நாளோ என்னவோ அவர் ஒன்றும் பேசாமல் மொட்டைமாடியில் போய் நின்றுகொண்டிருந்தார். அப்போது அவர் மனசுக்குள் ஓடிய சில வாக்கியங்கள் உண்டு. அதில் ஒன்று அப்படியே, எழுத்து மாறாமல், பேர் போடாத அனானி ஒருத்தன் எழுதிப் பின்னூட்டமாக வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இது இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்குள் நான் நினைத்ததை இவன் எப்படி எழுதினான்? எல்லாருக்கும் ஒரே குட்டையிலிருந்துதான் தண்ணீர் வருகிறதா? சரி என்று சொல்லிவிட்டவன் நான், கல்யாணத்தன்று மாப்பிள்ளை இன்பராஜின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் நான், அது எங்கே போனது? அதை எவனும் எழுத மாட்டான்.

“ஒரு விஷயம் சொல்லியே ஆகோணும்,” என்றாள் வசந்தாமணி மைக்கில். மாம்பழ நிறச் சேலை, பிருந்தா போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள், சந்தோஷமாக இருக்கும்போது அப்படித்தான் செய்வாள். “எம்பொண்ணு கல்யாணத்தப்பத்தி எழுதுனப்ப ஒரே ஒருத்தர் கொஞ்சம் மனசு நோகற மாதிரி எழுதீட்டாருங்க. நானும் பயந்துட்டனுங்க, எல்லாருமே அப்பிடித்தான் நெனைப்பாங்களோன்னு. ஆனா அதுக்கப்பறம் பாத்தீங்கன்னா, இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட தப்பா எழுதுலீங்க. எல்லாமே வாழ்த்துத்தான். ஜனங்க மாறீட்டாங்க. நாமதான் தேவையில்லாம பயந்துக்கறோம்.” கைதட்டினார்கள். நாச்சிமுத்துவின் கையும் தட்டியது, பழக்கத்தில். காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கிற அந்த உறுமல், கேட்டுக்கொண்டேயிருந்தது. ஜனங்க மாறீட்டாங்க. அந்த ஜனங்களைச் செய்தது நான். பொறுக்கிப் பொறுக்கி, கல்லையும் உமியையும் நீக்கி, வெள்ளைவெளேரென்று ஒரு ஊரைச் செய்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன், அவள் அதை நிஜ ஊர் என்று நினைத்துக்கொண்டு அதில் இறங்கி நடந்துபோகிறாள். சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொல்வது? முதல் மாசமே சொல்லியிருக்கலாம். அப்புறம் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள். அதற்கப்புறம் சொல்ல முடியாமலே போயிற்று. இன்று காலை ஆட்டோவில் வரும்போதுகூட வாயெடுத்தார். “இன்னிக்கு முன்வரிசைல...” என்று ஆரம்பித்தார். “முன்வரிசைல நீங்க ஒக்காந்துக்குங்க, உங்களப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்” என்றாள். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நெஞ்சோடு ஒட்டி அதிர்ந்ததில் ஒரு கணம் நெஞ்சே அதிர்ந்ததாக நினைத்துவிட்டார். எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். ‘முத்திரை’க்கு ஒரு புதுப் பின்னூட்டம், ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. பேர் இல்லை. ‘அக்கா பேச்சு ரொம்ப நல்லாருக்கு. மாம்பழக் கலர் சேலை எடுப்பா இருக்கு.’ அவ்வளவுதான் இருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால், தான் படித்தது அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் இங்கே இருக்கிறான். இதே காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டு, இதே மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. இல்லை, இது பாராட்டுத்தானே, எவளோ ஒரு சின்னப் பெண் ஆசையாக எழுதியிருப்பாள், சேலை எடுப்பாக இருக்கிறது என்பதில் என்ன இருக்கிறது? என்ன இருக்கிறது என்றால், அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது இருக்கிறது. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க உட்கார்ந்தவனுக்கு எது நல்லது எது கெட்டது என்றே தெரியாமல் போய்விட்டது. மெதுவாகக் கண்ணை மட்டும் உயர்த்தினார். நீலச் சட்டைக்காரன் கையில் போன். குழந்தைக்காரி கையில் போன். கல்லூரிப் பெண்கள் இரண்டுபேர் கையிலும் போன். தூணோரம் நிற்கிறவன் போனைத் தூக்கிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வெள்ளைச் சட்டை ஆளின் கை மட்டும் காலியாக மடியில் கிடந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்தும் அது அவர் மனசில் ஏறவில்லை. அவன்தான், அவனேதான் என்பதைத் தவிர மனசில் ஏறுவதற்கு இடமில்லை.

“இன்னொரு நல்ல சேதிங்க,” என்றாள் வசந்தாமணி. வேண்டாம் என்று நினைத்தார் நாச்சிமுத்து. இது பேசுவதாகச் சொன்ன பேச்சில் இல்லை, நேற்றைக்கு வீட்டில் சொல்லிப்பார்த்தபோது இல்லை. வேண்டாம் வசந்தா. “எங்கயும் எழுதுல, மொதமொதல்ல உங்ககிட்டத்தான் சொல்றன். எம்பொண்ணு மாசமா இருக்குதுங்க. ஏழு முடியப்போவுது. கல்யாணத்துக்குத்தான் யாரும் வல்ல, கட்டுச்சோத்து விருந்தாவது ஊரக் கூட்டிச் செஞ்சு புள்ளையப் பொறந்த வீட்டுக்குக் கூட்டியாரோணும்னு ஆசைங்க. வர்ற பதினெட்டாந்தேதி, இங்க ஈரோட்டுலயேதான். எல்லாரும் வரோணும்.” மறுபடி கைதட்டல். எங்கேயும் எழுதவில்லை என்பது நிஜம். எழுதவில்லை, ஆனாலும் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே ஒருத்தன் எழுதிவிட்டான். ‘புள்ளத்தாச்சிய ரொம்ப அலைய வேண்டாம்னு சொல்லுங்க. ஓசூர் ரோடு பூராவும் லாரி.’ அன்றைக்கு அவர் ஓசூருக்குப் போன் போட்டார். பிருந்தா எடுத்தாள், பின்னால் குக்கர் விசில் அடித்தது. “என்னப்பா, இந்நேரத்துல?” “ஒண்ணுமில்ல சாமி. வெளிய கிளிய போறியா?” “செக்கப்புக்குப் போவணும்.” “மாப்பள கூடப் போ. நடந்து போவாத. ஸ்கூட்டர்லயும் போவாத.” “அப்பறம் எதுலப்பா போறது, பறந்தா?” என்று சிரித்தாள். அவளும் அம்மாவைப் போலவே சிரிப்பாள், எதிரே இருக்கிறவனுக்கும் சிரிப்பு வந்துவிடும், அன்றைக்கு வரவில்லை. பதினெட்டாந்தேதி இந்த ஊருக்கு அவளைக் கூட்டிவர வேண்டும். ஊரைக் கூட்டி. எந்த ஊரை? நான் செய்து கொடுத்த ஊரையா, இந்தப் பின்னந்தலைகளின் ஊரையா?

தமயந்தி எழுந்து, கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம் என்றாள். முன்வரிசையில் அந்த ஆளின் கை உடனே உயர்ந்தது. இத்தனை நேரம் இதற்காகவே உட்கார்ந்திருந்தவனைப்போல எழுந்து, மைக்கைக் கொண்டுவரும்வரை காத்திராமல், அவனே மேடையை நோக்கி ஒரு அடி வைத்தான். தமயந்தி அவன் கையில் மைக்கைக் கொடுத்தாள். அவன் இன்னொரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். வசந்தாமணி மேஜைக்குப் பின்னாலிருந்து அவன் பக்கமாகக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் தாலிக்கொடி முன்னால் தொங்கி ஆடியது.

எப்படி எழுந்தார், நாற்காலிகளுக்கு நடுவே எப்படி ஓடினார் என்பது நாச்சிமுத்துவுக்கு அப்புறமும் ஞாபகம் வரவில்லை. நாற்காலி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. குழந்தை வீறிட்டது. அவர் கை அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, பையிலிருந்து பாதி வெளியே வந்த கையை. “நீதானடா?” என்றார். இருவருக்கும் நடுவில் மைக் இருந்தது, நீதானடா என்பது நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. “நேர்ல பேசிக்கலாம்னு எழுதுன சொந்தக்காரன் நீதானடா? பேசு. என்ன பேசோணும், பேசு. அப்பன் ஆம்பளையா இருந்திருந்தா அந்தப் புள்ள போட்டோவுல மாலையோட இருந்திருக்கும்னு எழுதுனியே, பேசு. பொண்ணக் கட்டிக் குடுக்குல, தள்ளி உட்டுட்டீங்கன்னு எழுதுனியே. வயித்துல இருக்கறது என்ன சாதின்னு கேட்டியே. பொறக்கட்டும் பாக்கலாம்னியே, என்னடா பாப்ப? ரோடு பூராவும் லாரின்னு சொன்னியே...” நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. இது நிற்காது என்பதும் தெரிந்தது. வசந்தாமணியைப்பற்றி எழுதியவை வந்தன, வயசையும் உடம்பையும்பற்றி எழுதியவை, தபாலாபீசில் அவள் யாரோடு என்று எழுதியவை, ஒரு சொல் விடாமல், வந்த வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக அவர் வாயிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. அவர் குரல்தான் அது. அவரே அவளைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் இருந்தது, ஏனென்றால் சொல்லும்போது அவர் கண் அந்த ஆளைவிட்டு எப்போதோ விலகி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். தமயந்திதான் ஓடிப்போய் மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். அதற்கப்புறமும் இரண்டு வரி வந்தது, மைக் இல்லாமல், வெறும் குரலில்.

பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிடிபட்ட கையில் இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு காது ஒடிந்து தொங்கியது. நாச்சிமுத்து பிடியை விட்டார். பக்கத்தில் பார்த்தால் அந்த ஆள் வயசானவர், கண் இமையெல்லாம் நரைத்திருந்தது. “சொந்தக்காரன்னு போட்டது நானுங்க,” என்றார், நாச்சிமுத்துவிடம் இல்லை, மேடையிடம். “பேரு போட்டா ஊர்ல தெரிஞ்சுபோயிருமுன்னு அப்படிப் போட்டனுங்க. மத்ததெல்லாம் நானில்லீங்க. சாமி சத்தியமா நானில்லீங்க. எம் பேரு ராக்கியண்ணன், சென்னிமலைப்பக்கமுங்க. என்ற பொண்ணும் அப்படித்தானுங்க போச்சு. ஒருக்கா வந்து கதவத் தட்டுச்சு, நான் தொறக்குல. இப்ப எனக்குப் பேசோணும்னு இருக்குதுங்க. மொதல்ல என்ன சொல்லிப் பேசறதுன்னு தெரியல. நீங்க எப்படிப் பேசுனீங்கன்னு கேட்டுட்டுப் போலாமுன்னுதான் வந்தனுங்க.” கண்ணாடியை ஒடிந்த காதோடு சேர்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். “உங்ககிட்டப் பேசோணும்னு மட்டும் ரெண்டு மூணு தடவ எழுதிக் கேட்டனுங்க. பதிலு வல்ல. கோவம்போல இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க.” நாச்சிமுத்து மன்னிச்சுக்குங்க என்று சொல்ல நினைத்தார். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. ராக்கியண்ணன் எல்லாரையும் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடைபாதை வழியாகப் போனார். மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கி இறங்கிக் கேட்காமல் போயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை.

“ஏனுங்க,” என்றாள் வசந்தாமணி. மேஜையைவிட்டு அவள் நகரவில்லை. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். “இதெல்லாம் எப்ப வந்துதுங்க?”

“வந்துட்டேதான் இருக்குது.”

“தெனமுமா?”

“தெனமும்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. தபாலாபீசில் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ சரிபார்க்கும்போது வைத்துக்கொள்கிற முகம் அவளுக்கு வந்திருந்தது. “அவரு இல்லீன்னா, மத்ததெல்லாம் எழுதுனது யாரு?”

“தெரியல வசந்தா.”

“பிருந்தா மாசமா இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் இப்பத்தான சொன்னன்.”

“சத்தியமாத் தெரியல.”

அவள் தலையைத் தூக்கினாள். முதல் வரிசையைப் பார்த்தாள், காது மிஷின் வைத்த பெரியவரை, பெண்களை. அப்புறம் இரண்டாம் வரிசை. வந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருத்தரையும் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்ற முகங்கள். ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு அவள் கண் நகர்வதை நாச்சிமுத்து கீழே நின்று பார்த்தார். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். பால்காரனை, சென்னியப்பனை, கண்ணாடியில் தன்னையே அவர் பார்த்த பார்வை அது. ஒருநாளும் அவளுக்கு வந்துவிடக்கூடாது என்று அவர் காவல் இருந்த பார்வை. நீலச் சட்டைக்காரன் சங்கடத்தோடு சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. குழந்தைக்காரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். தூணோரம் நின்றவன் போனைத் தாழ்த்தினான்.

அப்போது நடுவில் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. இதமான, சொந்தம் கொண்டாடுகிற குரல், எவருக்கும் சமாதானம் சொல்லத் தெரிந்த குரல். “அட, விடுங்கக்கா. நெட்டுல எழுதுனா நாலு பேரு நாலு விதமா எழுதத்தான் செய்வாங்க, மனசுல வெச்சுக்காதீங்க. பதினெட்டாந்தேதி எந்த மண்டபம்னு மட்டும் சொல்லுங்க, வந்தர்றோம்.”

யார் என்று இரண்டுபேரும் பார்த்தார்கள். எல்லா முகமும் அவளையே பார்த்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தது.